பிப்ரவரியில் வரவழைத்த ஆகஸ்ட்

புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

இந்த முறை இரண்டு தங்கைகளும் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்கும்தான்.

இதை எழுதச் சொன்னது என் மகள். கம்பெனியை இப்போது நடத்துவது அவள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். முதலில், "அப்பா, புதுசா சேர்ந்தவங்ககிட்ட ஒரு மணி நேரம் பேசுங்க" என்றாள். பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறாள். எனக்குக் கொடுக்கும் ஒரு மணி நேரத்தில் நான் கதையில் ரியாத்தை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் எழுதிக் கொடுங்கள் என்று மாற்றிக்கொண்டாள்.

சூடோ குளிரோ கடக்காமல் குழாய்களுக்கு இன்சுலேஷன் போடுவது எப்படி என்று இதில் தேடாதீர்கள். அதைச் சொல்லித்தர ஷார்ஜாவில் நம் முவைலா ஆபீஸில் ஆள் இருக்கிறது, வீடியோ இருக்கிறது. ஆனால் உங்களில் பாதிப் பேர் மனதில் இருக்கும் கேள்வி வேறு. சேர்ந்து மூன்று மாதம் ஆகாதவன்கூட என்னைக் கண்டால் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "சார், நீங்க சொந்தமா லைசென்ஸ் எடுத்தது எப்படி?" என்று கேட்கிறான். கேட்கட்டும், தப்பில்லை. நானும் அப்படிக் கேட்டுத் திரிந்தவன்தான். என் மகளுக்குப் போட்டியாக வரப்போகிறவர்களுக்கு நானே வழி சொல்கிறேன் என்று அவள் முறைப்பாள். முறைக்கட்டும்.

லைசென்ஸுக்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். நான் ஆசையாக யோசித்து வைத்திருந்த பெயரை யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். இரண்டாவது பெயர் கூடாது என்றார்கள், ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. கடைசியில் விண்ணப்பம் அடித்துத் தரும் டைப்பிங் சென்டரில் இருந்தவர் எனக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அவராகவே ஒரு பெயரை அடித்துவிட்டார். நீங்கள் சட்டைப்பையில் பெருமையாகக் குத்திக்கொண்டு திரிகிறீர்களே, அது அவர் வைத்த பெயர்.

அதன் பிறகு ஆபீஸ் என்று காட்ட ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு அறை, தொழில் தெரியும் என்று காட்ட அனுபவச் சான்றிதழ்கள், ஒரு என்ஜினீயர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லும் நேர்காணல். என் சான்றிதழ்கள் எல்லாம் சவுதியில் வாங்கியவை. பவர் பிளாண்டில் நீராவிக் குழாய்களுக்கு இன்சுலேஷன் போட்ட அனுபவம். கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் குழாய்கள். அதாவது நான் சூட்டு வேலைக்காரன். ஷார்ஜாவில் கிடைக்கப்போவதோ ஏ.சி. வேலை, குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்கள். இன்சுலேஷன் என்றால் இன்சுலேஷன்தானே, சூடாக இருந்தால் என்ன, குளிராக இருந்தால் என்ன என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கடைசியாகக் கஃபீல். அப்போதெல்லாம் உள்ளூர்க்காரர் ஒருவர் கையெழுத்துப் போடாமல் நமக்கு லைசென்ஸ் கிடையாது. எனக்குக் கிடைத்தவர் வயதான மனிதர். இளமையில் பம்பாயில் வியாபாரம் செய்தவர், என்னைவிட நல்ல ஹிந்தி பேசுவார். என் சான்றிதழ் எதையும் அவர் பார்க்கவில்லை. டீ கொடுத்தார். பேரீச்சம்பழம் கொடுத்தார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "ஆகஸ்ட்டில் நான் இங்கே இருக்க மாட்டேன். குளிர்ந்த ஊருக்குப் போய்விடுவேன். அந்த மாதம் உன் வேலையைப் பற்றி எனக்கு யாரும் போன் செய்யக்கூடாது. செய்தால் அடுத்த வருடம் என் கையெழுத்து மாஃபி, கிடையாது." நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். மனுஷன் தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைவிடப் பயம் அதிகம். ஏனென்றால் அந்த லைசென்ஸை நம்பி நான் மட்டும் வரவில்லை. ரியாத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களையும் பேசிக் கூட்டி வந்திருந்தேன். அவர்கள் விசா எல்லாம் என் லைசென்ஸில்தான் அடிக்கவேண்டும். அது போனால் எல்லாரும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அதில் முதல் ஆள் சீனி காக்கா.

சீனி காக்காவைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். கீழக்கரைக்காரர். எனக்கு ராமநாதபுரம் பக்கம் என்பதால் ஒரே மாவட்டம். கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். அவரை நான் கூப்பிட்டு, பிறகு தெலுங்குக்காரர், நேபாளி என்று சைட்டில் இருந்த எல்லாருமே காக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆனால் நாங்கள் ரியாத்தில் பத்தா கடைவீதிக்குப் போய்விடுவோம். அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்துதான் இந்தத் திட்டமே போட்டோம். "நீ பேப்பர் வேலையப் பாரு முருகேசா. தகட்ட என்கிட்ட விட்டுரு" என்றார். விட்டேன்.

தகடு என்றால் கிளாடிங். குழாயைச் சுற்றி இன்சுலேஷன் போட்டபின், அதன்மேல் காயம் படாமல் மூடுகிற அலுமினியத் தகடு. காக்கா அந்தத் தகட்டை வெட்டி வளைத்துப் பொருத்தினால், எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. வளைவுகளில் இறால் ஓடு மாதிரி அடுக்கடுக்காக வரும். அதைவிட அவருக்குப் பெருமை அவர் முடுக்கும் ஸ்க்ரூக்கள். ஒரு கோடியில் நின்று பார்த்தால் மறுகோடி வரை எல்லாம் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை. ஒன்று விலகியிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

லைசென்ஸ் கைக்கு வந்தபின் எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு டயாலிசிஸ் சென்டர். சிறுநீரகம் கெட்டவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து, மணிக்கணக்கில் மெஷினோடு படுத்திருக்கும் இடம். கட்டடம் முடியும் தறுவாயில் இருந்தது. சீலிங்குக்கு மேலே ஓடும் குளிர்நீர்க் குழாய்கள் முழுதும் எங்கள் பொறுப்பு. மெயின் கான்ட்ராக்டரின் சைட் இன்சார்ஜ் ஒரு ஹிந்திக்காரர், குரல் மட்டும்தான் பெரிசு, மற்றபடி நல்ல மனிதர். "முருகேஷ் பாய், இதை டைமுக்கு முடி. அடுத்து எட்டு மாடி பில்டிங் வருது. அதுவும் உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். எட்டு மாடி கிடைத்துவிட்டால் என் ஆட்களுக்கு இரண்டு வருடத்துக்கு வேலை. நான் அப்போதே மனதுக்குள் எட்டாவது மாடியில் ஏறி நின்றுகொண்டிருந்தேன்.

வேலை பிப்ரவரியில் முடிந்தது. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள். குழாயில் ஐஸ் தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. கன்சல்டன்ட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டால் சீலிங்கை மூடிவிடலாம்.

வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட வயதில் நன்றாகவே சின்னவர். பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது பெரிய பொறுப்பில் இருக்கிறார், தன்னைப் பற்றி எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஏணியில் ஏறி, தலைக்கவச விளக்கை எரியவிட்டு, குழாய் வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். "நல்ல வடிவா இருக்கு" என்றார். கீழே நின்ற காக்கா மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு அவர் கையை நீட்டி ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தரையில் கிடந்த இன்சுலேஷன் வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்துத் தரச் சொல்லி, அதன் பக்கத்தில் ஸ்க்ரூவை வைத்துப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் எல்லாரும் முந்தி சூட்டு லைன்லயோ வேலை செய்தனீங்கள்?"

"ஆமாம்மா. எப்படித் தெரியும்?"

"இந்த ஸ்க்ரூவைப் பார்க்கத் தெரியுது."

எனக்கு அந்த நிமிஷமே ஏதோ தவறு என்று தெரிந்துவிட்டது, என்ன தவறு என்று தெரியவில்லை.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நீராவிக் குழாயில் சூடு உள்ளே இருக்கிறது, வெளியே வரப்பார்க்கிறது. அங்கே தலையணை கனத்துக்கு இன்சுலேஷன் போடுகிறோம், அதில் நீளமான ஸ்க்ரூவை எங்கே குத்தினாலும் ஒன்றும் ஆகாது. குளிர் குழாயில் கதை தலைகீழ். இங்கே எதிரி வெளியே இருக்கிறான். நம் வளைகுடா ஆகஸ்ட்டின் ஈரக்காற்று. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரை வெளியே வைத்தால் எப்படி வியர்க்கிறதோ, அப்படி அந்தக் காற்று குளிர்ந்த இடத்தைத் தொட்டால் தண்ணீராகிவிடும். அது உள்ளே போகக்கூடாது என்பதற்காகத்தான் இன்சுலேஷன்மேல் வேப்பர் பேரியர் என்று ஒரு மெல்லிய உறையைச் சுற்றுகிறோம். காக்கா சவுதியில் பழகிய அதே நீள ஸ்க்ரூவை இந்த மெல்லிய இன்சுலேஷனில் முடுக்கியிருந்தார். ஒவ்வொரு ஸ்க்ரூவும் அந்த உறையைக் கிழித்துக்கொண்டு, குழாயை எட்டித் தொடுகிற தூரத்துக்குப் போயிருந்தது. அழகாக, நூல் பிடித்த வரிசையில்.

குளிர் வேலை மட்டுமே தெரிந்த ஒருவர் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டார். ஒன்றும் தெரியாதவனும் செய்ய மாட்டான், அவனுக்கு இத்தனை ஸ்க்ரூ முடுக்கவே வராது. சூட்டு வேலையில் கை தேர்ந்தவர்கள் மட்டும்தான் இதை இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியும்.

"இப்ப பனிக்காலம். ஒண்டும் தெரியாது" என்றார் அந்தப் பெண். "ஓகஸ்ட்டில சொட்டும். உங்கட கான்ட்ராக்ட்டில ஸ்க்ரூ போடக்கூடாது எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. அதால நான் இதை ரிஜெக்ட் பண்ண ஏலாது அண்ணை. சைன் கேட்டா வைக்கத்தான் வேணும்."

நான் அண்ணாந்து அந்த ஸ்க்ரூ வரிசையைப் பார்த்தேன்.

"கீழ படுக்கப்போற ஆக்கள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நான் நாளையிண்டைக்குத் திரும்ப வாறன். அப்பவும் இப்பிடியே இருந்தா சைன் வைச்சிட்டுப் போவன். நீங்கள்தான் முடிவெடுக்கோணும்."

தம்பிகளா, ரிஜெக்ட் செய்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் தெரியுமா? திட்டிக்கொண்டே கழற்றியிருப்பேன். பழியை அவர் மேல் போட்டிருப்பேன். அந்தப் பெண் எனக்கு அந்தச் சௌகரியத்தைக் கொடுக்கவில்லை. நாளை மறுநாள் வருகிறேன் என்று நடுவில் ஒரு நாளைக் கொடுத்துவிட்டு, ஏணியிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

இன்சார்ஜுக்கு விஷயம் உடனே எட்டிவிட்டது. "மேடம் சைன் தருவேன் என்றுதானே சொன்னாங்க? அப்புறம் என்ன பாய்? வாங்கிக்கோ. கலாஸ், முடிஞ்சது" என்றார். ஆகஸ்ட்டில் சொட்டும் என்றேன். "ஆகஸ்ட்டில் நீ எங்கேயோ, நான் எங்கேயோ. எட்டு மாடியை யோசி" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் நல்லதுக்கு என்று நினைத்துத்தான் சொன்னார். இந்தத் தொழிலில் கெட்ட யோசனைகள் பெரும்பாலும் நல்லவர்களிடமிருந்துதான் வரும்.

ஆனால் அன்று எனக்கு இன்சார்ஜைவிடப் பெரிய கவலை காக்கா. அவர் ஏணிக்குக் கீழே ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் இறுகியிருந்தது.

"அந்தப் புள்ள பொறக்குறதுக்கு முந்தியே ஸ்க்ரூ முடுக்குனவன் நானு."

"அவங்க உங்கள ஒண்ணும் சொல்லல காக்கா."

"எங்க தண்ணி? ஒரு சொட்டு காட்டு. சில்லர் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"இது பிப்ரவரி காக்கா. ஆகஸ்ட்லதான் தெரியும்."

"அப்ப போயி ஆகஸ்ட்ட கூட்டிட்டு வா" என்றார். கோபத்தில் சொன்ன சொல். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர் விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். அவர் கழற்ற மாட்டேன் என்றால் மற்றவர்களும் கை வைக்க மாட்டார்கள். மரியாதை அப்படி. நான் முதலாளிதான், சம்பளம் கொடுப்பவன்தான். ஆனால் அவர் பெருமையாகச் செய்து முடித்த வேலையைக் கழற்று என்று அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் காலையில் நான் சைட்டுக்குப் போனபோது காக்கா எனக்கு முன்னால் வந்திருந்தார். கையில் ரூமில் சோறு ஆக்கும் கரண்ட் குக்கர்.

"என்ன காக்கா இது?"

"ஆகஸ்ட்டு" என்றார்.

அவருக்குத் தோன்றிய யோசனை இதுதான். பெயின்டர்கள் விட்டுப்போன பாலித்தீன் விரிப்புகளை எடுத்து, குழாயின் ஒரு பகுதியைச் சுற்றிக் கூடாரம் மாதிரிக் கட்டினார். சாரத்தில் ஏற்றி அதற்குள் குக்கரை வைத்தார். தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்து போட்டு, ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கூடாரத்துக்குள் நீராவி மண்டிவிட்டது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஆகஸ்ட் மாதம் மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நிற்பது போலவே இருந்தது.

"இப்ப பாப்போம். சொட்டுனா நான் தோத்தேன். சொட்டலைன்னா அந்தப் புள்ள கையெழுத்துப் போட்டுட்டுப் போவட்டும்."

குக்கர் வேலைக்கு வந்துவிட்டதால் மத்தியானம் சோறு கிடையாது. பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே குப்பூஸ் ரொட்டியும் தயிரும் சாப்பிட்டார்கள். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டிருந்தோம். காக்கா மத்தியான லுஹர் தொழப் போனார், வந்தார், அண்ணாந்து பார்த்தார். ஒன்றுமில்லை. அவர் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் வந்தது. சொட்டக்கூடாது என்று நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். எட்டு மாடி, விசா, காக்காவின் முகம், எல்லாம் அந்த வேண்டுதலில் இருந்தது.

அவர் சாயங்கால அஸர் தொழுதுவிட்டுத் திரும்பி வந்து ஏணியில் ஏறினார். நானும் பக்கத்து ஏணியில் ஏறினேன். தகட்டில் மற்ற இடமெல்லாம் லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். ஸ்க்ரூத் தலைகளில் மட்டும் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று விழுந்தது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது.

காக்கா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தியா முருகேசா, சொட்டுறதுகூட வரிச தப்பாமச் சொட்டுது" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. ஒரு மனிதர் தன் தோல்வியைத் தானே ஏற்பாடு செய்து, சோற்றுக் குக்கரைத் தூக்கி வந்து, நாள் முழுக்கக் காவல் இருந்து, கடைசியில் அதைப் பார்த்துச் சிரிக்கவும் முடிகிறது என்றால், அவரோடு வேலை செய்யக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பாசம் இன்றுவரை எனக்குக் குறையவில்லை.

நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முதல் ஸ்க்ரூவை அவர் கழற்றியபின்தான் மற்றவர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தகடு விழும் சத்தம் கேட்டு இன்சார்ஜ் ஓடி வந்தார். பைத்தியமா என்றார். நாளைக்கு சைன், இன்றைக்கு ஏன் உடைக்கிறாய் என்றார். எட்டு மாடி போச்சு என்று நினைத்துக்கொள் என்றார். நான் எனக்குத் தெரிந்த ஹிந்தியில், "போனால் போகட்டும் பாய். கீழே படுத்திருக்கிறவங்க எழுந்து ஓடக்கூட முடியாது" என்று மட்டும் சொன்னேன்.

இன்சார்ஜ் போனபின் கஃபீலுக்குப் போன் செய்தேன். வேறு யாராவது சொல்லி அவர் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது நல்லது என்று பட்டது. வேலையைக் கழற்றுகிறோம், தாமதம் ஆகும், மெயின் கான்ட்ராக்டர் கோபமாக இருக்கிறார், உங்களிடம் புகார் வரலாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையில் டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஆகஸ்ட்டில் போன் வருமா?"

"இனிமே வராது."

"இப்போது என்ன மாதம்?"

"பிப்ரவரி."

"பிறகு எதற்கு எனக்குப் போன் செய்கிறாய்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அடுத்த வருடமும் கையெழுத்துப் போட்டார். அதற்கடுத்த வருடங்களிலும் போட்டார்.

சொன்னபடி அந்த யாழ்ப்பாணத்துப் பெண் வந்தபோது, குழாய்கள் எல்லாம் சட்டை கழற்றிய மாதிரி நின்றன. உறையில் விழுந்திருந்த ஒவ்வொரு ஓட்டையையும் தேடித் தேடி டேப் ஒட்டிக்கொண்டிருந்தோம். ஓட்டை விழுந்த தகடுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன, அவற்றை இனி எதற்கும் பயன்படுத்த முடியாது. அவர் எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் பாலித்தீன் கூடாரத்தைக் காட்டி, "உது என்ன?" என்று கேட்டார்.

"அது ஆகஸ்ட்டும்மா" என்றார் காக்கா.

விளக்கிச் சொன்னதும் அந்தப் பெண் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பிறகு பார்த்ததே இல்லை. சிரித்து முடித்துவிட்டு, "இவ்வளவு காலத்தில ரிஜெக்ட் பண்ணின வேலையைக் கழட்ட மாட்டன் எண்டு சண்டை பிடிச்ச ஆக்களைத்தான் கண்டிருக்கிறன். ரிஜெக்ட் பண்ணாத வேலையைக் கழட்டினவையை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார்.

அதற்காக அவர் எங்களுக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை. புதுத் தகடு போட்டபோது தினமும் வந்து நின்று பார்த்தார். ஸ்க்ரூவுக்குப் பதில் ஸ்டீல் பட்டை போட்டு இறுக்கி, கிளிப் அடிப்பது எப்படி என்று காக்காவுக்குக் காட்டியவர் அவர்தான். காக்கா முதலில் முறைத்துக்கொண்டு கற்றுக்கொண்டார். நாலாவது நாள் "மகளே, இது சரியா பாரு" என்று அவரே கூப்பிட்டுக் காட்டினார். போய்ப் பார்த்தால் எல்லா கிளிப்பும் ஒரே வரிசையில் இருந்தது.

கதை இங்கே சுபமாக முடிந்திருந்தால் நீங்கள் நம்பக்கூடாது. எட்டு மாடி நிஜமாகவே போய்விட்டது. வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு வருடம் சின்னச் சின்ன வேலைகள்தான், வில்லா, கடை, பள்ளிக்கூட மாடி என்று. சில மாதங்களில் சம்பளம் போடுவதற்கே திணறினேன். நான் நல்லது செய்தேன், அதனால் நல்லது நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல என்னால் முடியாது. விசா ஒன்றும் போகவில்லை, ஆட்கள் ஒருவரும் விட்டுப் போகவில்லை. அதுதான் நடந்தது.

அந்த வருடம் ஆகஸ்ட் வந்தது. குக்கரில் வந்த ஆகஸ்ட் இல்லை, நிஜ ஆகஸ்ட். கண்ணாடி போட்டவர்கள் காரை விட்டு இறங்கினால் கண்ணாடியில் ஆவி படிந்து கண் தெரியாமல் நிற்கும் மாதம். ஒரு நாள் மத்தியானம் காக்கா என் ஆபீஸுக்கு வந்து, "வா, ஒரு இடத்துக்குப் போயிட்டு வருவோம்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை.

டயாலிசிஸ் சென்டரில் இருந்த மலையாளி நர்ஸ், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். காக்கா மேலே கையைக் காட்டினார். நர்ஸ் சீலிங்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நாங்கள்தான் அந்த வேலை செய்தவர்கள் என்று நான் சொன்னபின், சத்தம் போடக்கூடாது என்று சொல்லி உள்ளே விட்டார்.

வரிசையாகக் கட்டில்கள். எல்லாரும் மல்லாந்து படுத்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். வெள்ளை சீலிங், ஒரு கறை இல்லை. கடைசிக் கட்டிலில் இருந்த பெரியவர் ஒருவர், பெஷாவர் பக்கத்துக்காரர், எங்களைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மேலே என்ன தேடுகிறீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். தண்ணீர்க் கறை என்றார் காக்கா.

"அதையேன் கேட்கிறீர்கள்?" என்று பெரியவர் அலுத்துக்கொண்டார். "இதற்கு முன் நான் போன இடத்தில் என் தலைக்கு நேர் மேலே ஒரு கறை இருந்தது. வாரத்துக்கு வாரம் பெரிசாகும். ஒரு நாள் ஒட்டகம் மாதிரி இருக்கும், ஒரு நாள் என் மாமனார் மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டே பொழுது போய்விடும். இங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. எவனோ சுத்தமாகக் கட்டிவிட்டான்."

காக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வெளியே வந்ததும் சாலையோரத்தில், அந்த வெயிலில், ஒரு சாயா வாங்கிக் குடித்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். எங்கள் வேலைக்கு வந்த ஒரே புகார் அதுதான்.

நம் வேலையை யாரும் பார்ப்பதில்லை என்று உங்களில் சிலர் புலம்புவதாக என் மகள் சொன்னாள். சீலிங்கை மூடிவிட்டால் போச்சு, ஓனரும் பார்ப்பதில்லை, என்ஜினீயரும் பார்ப்பதில்லை என்று. அப்படி இல்லை. படுத்துக் கிடப்பவர்கள் பார்க்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலையில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஆகஸ்ட்டும் நாங்கள் இருவரும் அங்கே போய்வந்தோம். நர்ஸ்கள் மாறினார்கள், ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்க வேண்டியிருந்தது. காக்கா ஓய்வு பெற்றுக் கீழக்கரைக்குப் போனபின் நான் தனியாகப் போனேன். வெளியே வந்ததும் அவருக்குப் போன் செய்ய வேண்டும், இல்லையென்றால் அவரே செய்துவிடுவார். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அவர் வீட்டில் யாரும் அந்தப் போனைத் தொடக்கூடாதாம்.

இந்த வருடம் நானும் ஊருக்குக் கிளம்புகிறேன். முழங்கால் ஏணிக்கு மட்டுமில்லை, மாடிப்படிக்கும் மாட்டேன் என்கிறது. அதனால் இந்த ஆகஸ்ட்டில் உங்களில் ஒருவர் அங்கே போகவேண்டும். யார் என்று நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். விலாசமும் காக்காவின் நம்பரும் என் மகளிடம் இருக்கிறது. மத்தியானம் போங்கள், புழுக்கம் உச்சத்தில் இருக்கும்போது. செருப்புச் சத்தம் கேட்காமல் நடங்கள். அண்ணாந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பாருங்கள். பெரியவர்கள் யாராவது பொழுது போகவில்லை என்று குறைப்பட்டால் கொஞ்சம் நின்று பேசிவிட்டு வாருங்கள்.

பிறகு காக்காவுக்குப் போன் போடுங்கள். ஸலாம் சொல்லி முடிப்பதற்குள், "காஞ்சிருக்கா?" என்று கேட்பார். காய்ந்திருந்தால் காய்ந்திருக்கிறது என்று சொல்லுங்கள், "சரி வாப்பா" என்று வைத்துவிடுவார். சொட்டினால் சொட்டுகிறது என்றே சொல்லுங்கள், வயதானவராயிற்றே என்று மறைக்காதீர்கள். குக்கரைத் தூக்கிக்கொண்டு அடுத்த பிளைட்டில் வந்துவிடுவார்.